முன்மாதிரி வீடு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. இங்கே நான் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாமா நன்றாக இருக்கிறாரா? கொசு இன்னும் காதருகே வந்து ரீங்காரம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாளா, இல்லை ஏழாம் வகுப்புக்குப் போனதும் அடங்கிவிட்டாளா?

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நகராட்சியில் ‘வீட்டுப் பயிற்சியாளர்’. பெயரைக் கேட்டால் கம்பீரமாகத்தான் இருக்கிறது. செய்வது என்னவென்றால், வீடு வீடாகக் கதவைத் தட்டி, “உங்க குப்பையைக் கொஞ்சம் பாக்கலாங்களா?” என்று கேட்பது. நேற்று ஒரு அம்மா, “பீரோவைத் திறந்து காட்டச் சொன்னாக்கூடக் காட்டுவேன், இதை எப்படிம்மா காட்டுறது?” என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டார். பிறகு மனசு மாறிக் கூப்பிட்டார். ஈரக் குப்பை, காய்ந்த குப்பை, ஊசி மருந்து மாதிரி ஆபத்தான குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். கை பழகும்வரைதான் தொல்லை. அப்புறம் பல் தேய்ப்பது மாதிரி தானாக நடக்கும்.

நாங்கள் கொடுக்கிற துண்டறிக்கை ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு என் அக்கா வீட்டில் எல்லாம் ஒரே வாளியில் போனால் எனக்கு மரியாதை இல்லை. மாமாவிடமும் காட்டு.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் வாலு

---

பிப்ரவரி 24

அன்பு வாலுவுக்கு,

உன் கடிதம் வந்தது, வேலை நிரந்தரமான செய்தி கேட்டு வயிறு குளிர்ந்தது. முதுகு பரவாயில்லை. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜைக்குப் புது நாற்காலி போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களோடு பிழைப்பு ஓடுகிறது.

உன் துண்டறிக்கையை உன் மாமா சாப்பிட்டுக்கொண்டே இரண்டு தடவை படித்தார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே. பாட்டில் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விரிசல் தேடுகிற கண். போன கோடையில் எங்கள் குடியிருப்புத் தொட்டி வறண்டு, மூன்று மாடியும் அவரே தண்ணீர் சுமந்தார். அதிலிருந்து குழாய் சொட்டினால் அவருக்குத் தூக்கம் வராது. நீ அவருக்கென்றே எழுதி அனுப்பியது மாதிரி ஆகிவிட்டது.

மறுநாளே மூன்று கூடை வாங்கி, பச்சை, நீலம், சிவப்பு என்று அவரே வர்ணம் அடித்தார். கொசு அவற்றுக்குப் பச்சைப் பெரியப்பா, நீலச் சித்தப்பா, சிவப்பு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறாள். பால்கனியில் உரத்தொட்டி வந்தாயிற்று. தகப்பனும் மகளும் அதில் புழுவைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

---

மார்ச் 15

அக்காவுக்கு,

நலமா? எனக்கு லேசான ஜலதோஷம், வேறொன்றுமில்லை.

பெரியப்பா, சித்தப்பா, ஹெட்மாஸ்டர் கதையைப் பயிற்சிக் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாதிப் பேர் வீட்டில் அதே பெயர்தான் இப்போது. இங்கே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் காலிப் பாக்கெட்டுகளைக் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ மாநாடு நடக்கிற மாதிரி இருக்கிறது.

மாமாவுக்கு அடுத்த பாடம்: ஷவரில் குளிக்காமல் வாளியில் பிடித்துக் குளித்தால் பாதித் தண்ணீர் மிச்சம். ஆளில்லாத அறையில் விளக்கு வேண்டாம். ஒருபக்கம் எழுதிய தாளை வீசக் கூடாது. இதெல்லாம் வீட்டில் யாராவது ஒருவர் பிடிவாதமாக நின்றால்தான் நடக்கும் என்று நாங்கள் சொல்வது வழக்கம். உங்கள் வீட்டில் அந்த ஆள் கிடைத்துவிட்டார்.

கொசுவுக்கு ஒரு கிள்ளு கொடு.

வாலு

---

ஏப்ரல் 20

அன்பு வாலுவுக்கு,

எல்லோரும் சுகம். உன் ஜலதோஷம் போனதா?

தாளின் பின்பக்கத்தில் பல்செட் விளம்பரம் இருக்கும், பொறுத்துக்கொள். புதுத் தாள் எடுப்பதை நிறுத்திவிட்டோம்.

ஒரு நல்ல செய்தி. குடியிருப்புச் சங்கத்தில் எங்கள் வீட்டை முன்மாதிரி வீடு என்று தேர்ந்தெடுத்து வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற குடும்பங்கள் பார்க்க வருகின்றன. உன் மாமா ஒவ்வொன்றாக விளக்குவார். போன வாரம் வந்த பெண் என்னிடம், “எப்படிங்க உங்களால முடியுது?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், “பழக்கந்தான்” என்று அவரே சொல்லிவிட்டார். சரியான பதில்தான்.

குளியலறை ஷவரைக் கழற்றியாயிற்று. வாளியின் உள்ளே ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார், அதுவரைதான் பிடிக்க வேண்டும். நான் முடியைத் தோள்வரைக்கும் வெட்டிக்கொண்டேன். அலசச் சுலபம். வேலையிடத்தில் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

சாயங்காலம் வந்ததும் மூன்று கூடைகளையும் ஒருமுறை பார்த்துவிடுவார். ஏதாவது மாறி விழுந்திருந்தால் எடுத்து வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். கோபமெல்லாம் இல்லை. அவர் குரல் உயர்த்திப் பேசுகிற ஆள் இல்லையே.

நீ போனில் கூப்பிட்டிருந்தாய். கூடத்தில் எல்லோரும் இருந்ததால் சரியாகப் பேச முடியவில்லை. கடிதமே போடு. அதுதான் எனக்கு வசதி.

அக்கா

---

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். பலகை விஷயத்தை அலுவலகம் முழுக்கச் சொல்லியாயிற்று. ஆனால் முடியை ஏன் வெட்டினாய்? ஊரே கண்வைத்த முடி. சீப்பெடுத்துக்கொண்டு யாராவது பக்கத்தில் வந்தாலே கத்துவாயே. நம்பவே முடியவில்லை.

எனக்கு ஒரு உதவி வேண்டும். என் கூட்டத்துக்கு வருகிற பெண்கள், “சொல்றது சுலபம், வீட்டுல செய்றவளுக்குத்தான் தெரியும் கஷ்டம்” என்கிறார்கள். செய்கிறவளே சொன்னால் நம்புவார்கள். இந்தப் பழக்கம் உன் வீட்டில் எப்படி வந்தது, முதலில் என்ன சிரமம், இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பு. உன் வார்த்தையில் எழுது. மாமா வார்த்தையில் வேண்டாம்.

காத்திருப்பேன்.

வாலு

---

ஜூன் 28

வாலுவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா?

பதில் தாமதமாகிவிட்டது. நீ கேட்டதை எழுத மூன்று நான்கு தடவை உட்கார்ந்தேன். முதல் வரிக்கு மேலே வரவில்லை. எனக்கு எழுத வராது, வேறு யாரிடமாவது வாங்கிக்கொள். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

கொசு பேச்சைக் குறைத்துவிட்டாள். வளர்கிறாள் அல்லவா. வெயில் இந்த வருஷம் அதிகம். விசிறியை மாலை ஆறு மணிக்கு மேல்தான் போடுகிறோம். அதுவும் பழகிவிட்டது.

உன் மாமா உன்னை விசாரித்தார்.

அக்கா

(உறையின் உள்மடிப்பில், பென்சிலால்)

சித்தி, நான் கொசு. அம்மா போஸ்ட் பண்ணக் குடுத்தாங்க, அதான் எழுதுறேன். ஒரு பொருளக் குப்பையில போடாம இல்லாம ஆக்குறதுக்கு வழி இருக்கா? எரிக்க முடியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அம்மாகிட்ட கேக்காதீங்க.

---

ஜூலை 5

என் அன்பு அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்.

உன் கடிதங்களையெல்லாம் எடுத்துப் பலமுறை படித்தேன். அவற்றில் நீ எங்கேயும் இல்லை. அவர் பார்க்கிறார், அவர் சொன்னார், பழகிவிட்டது, இவ்வளவுதான் இருக்கிறது. கூடையை அவர் தினமும் பார்க்கிறார் என்று முன்பு எழுதியபோது நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். பார்த்துவிட்டு என்ன செய்கிறார்?

கொசு உறைக்குள் எனக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தாள். அவள் எதையோ ஒளித்துவைக்கிறாள் என்று தோன்றுகிறது. திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

பதில் உடனே போடு.

வாலு

---

ஜூலை 19

அன்புள்ள வாலுவுக்கு,

உன் மாமா எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

உன் கடிதம் என் கைக்குக் கிடைத்தது. உன் அக்கா மருத்துவமனை வேலையில் களைத்து வருகிறாள், அதனால் நானே பதில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த துறையில் நீ இப்படிக் கவலைப்படுவது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நீ அனுப்பிய துண்டறிக்கையில் உள்ளதைத்தான் நான் செய்கிறேன். ஒரு வரி கூடுதலாகச் செய்யவில்லை. கூடையைத் திறந்து பார்க்காவிட்டால் தப்பு எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரியும்? தொழிற்சாலையில் விரிசல் விட்ட பாட்டிலை நான் பார்க்காமல் அனுப்பினால் யாரோ ஒருவர் வாய் கிழியும். வீட்டுக்கு மட்டும் அது பொருந்தாதா?

உன் அக்காவுக்கு இன்னும் முழுப் பழக்கம் வரவில்லை என்பது உண்மை. மறதி அதிகம். பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

கொசு ஒளித்துவைப்பதாக எழுதியிருந்தாய். சரியான நேரத்தில் சொன்னாய், நன்றி. அவள் பள்ளிப்பையைப் பார்த்தேன். விஷயம் தெரிந்தது. அவளுக்குப் புரியும்படி விளக்கிவிட்டேன். இனி அந்தப் பிரச்சினை வராது.

உன் பணி சிறக்கட்டும்.

உன் மாமா

---

ஆகஸ்ட் 6

வாலு,

இதை வேலையிடத்திலிருந்து எழுதுகிறேன். பதிலை உறையில் உள்ள மருத்துவமனை முகவரிக்கே போடு. டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் நலமில்லை. இதை எழுதவே இவ்வளவு நாள் ஆயிற்று.

முதலில் எல்லாம் சந்தோஷமாகத்தான் நடந்தது. பொய் சொல்லவில்லை. பலகை மாட்டின பிறகுதான் மாறியது. சாயங்காலம் வந்து, தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மூன்று கூடைகளையும் அதில் கொட்டுவார். ஒவ்வொன்றாக எடுத்து, “இது ஏன் இங்க இருக்கு?” என்பார். ரொட்டி ஓரம் காய்ந்து கிடந்தால், “இது ஏன் மீந்துச்சு?” தலைமுடி கூடுதலாக இருந்தால், “உடம்புக்கு என்ன?” நான் தின்றது, கிழித்தது, உதிர்ந்தது எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். குரல் உயராது. பதில் திருப்தியாகும்வரை எழுந்து போகவும் மாட்டார். பதில் சொல்லச் சலித்துப்போய், கெட்டுப்போனதைத் தின்ன ஆரம்பித்தேன். தின்ன முடியாததைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து இங்கே மருத்துவமனைக் கூடையில் போட்டேன். உனக்கு எழுதித் தோற்ற தாள்களையும் அப்படித்தான்.

கொசு என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அவள் பெரியவளானது எனக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நாப்கினைத் தாளில் சுற்றிச் சிவப்புக் கூடையில் போடு என்று நானே சொன்னேன், சாயங்காலம் அந்தக் கூடை என்ன ஆகும் என்பதை யோசிக்காமல். அவள் யோசித்திருக்கிறாள். சுற்றிச் சுற்றிப் பள்ளிப்பையின் அடியில் வைத்திருக்கிறாள். பள்ளியில் போடப் பயம், யாராவது பார்ப்பார்கள் என்று. தெருவில் போடுவது தப்பு என்று நம் வீட்டில் சொல்லித்தந்திருக்கிறோமே.

உன் கடிதம் வந்த அன்று அவர் பையைக் கவிழ்த்தார். நான் உள்ளே நுழையும்போது சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து, எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார். கொசு எதிரே நின்றாள். அவர் அதட்டவில்லை, வாலு. பாடம் நடத்திக்கொண்டிருந்தார். “இதுல வெக்கப்பட என்னம்மா இருக்கு? இது அறிவியல். இதுல எது மக்கும், எது மக்காது, சொல்லு பாப்போம்.” அவள் சொன்னாள். மக்கும், மக்காது என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டிச் சொன்னாள். “அவ்வளவுதான் விஷயம், இதுக்கா ஒளிச்ச” என்று அவள் தலையைத் தடவினார்.

நான் மேஜையில் கிடந்ததை அப்படியே வாரிச் சுருட்டினேன். “பிரிக்காம போடாத” என்றார்.

அதற்குப் பிறகு அவள் அந்த மேஜைக்கு வருவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுகிறாள்.

அவர் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, ஊரில் நல்ல பெயர். நான் யாரிடம் போய் என்ன சொல்வது? என் வீட்டுக்காரர் குப்பையைப் பார்க்கிறார் என்றால் சிரிப்பார்கள்.

அக்கா

---

ஆகஸ்ட் 11

அக்கா,

நான் சிரிக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

கொசு உனக்குக்கூடத் தெரியாமல் என்னிடம் கேட்டதை, உன் வீட்டு முகவரிக்கு எழுதினேனே, என் புத்தியை எதால் அடிப்பது? அவளிடம் நேரில் கேட்கிறேன் மன்னிப்பு. கடிதத்தில் வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் கதவைத் தட்டும் வீட்டில், “இன்னைக்கு வேணாம், போயிட்டு வாங்க” என்று ஒரு பெண் சொன்னால் நான் படியிறங்கிவிடுவேன். உன்னால் உன் வீட்டில் அதைச் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால், நீ யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. கிளம்பலாம். இங்கே வருகிறாயா, அங்கேயே பக்கத்தில் இடம் பார்க்கிறாயா, உன் இஷ்டம். இந்த வாரக் கடைசியில் நான் ரயிலேறி வருகிறேன். வந்து எதுவும் சொல்ல மாட்டேன். நீ கூப்பிட்டால் பெட்டி தூக்குவேன், கூப்பிடாவிட்டால் கொசுவோடு இருந்துவிட்டுத் திரும்புவேன்.

சாப்பிடு அக்கா. நல்லதாகப் பார்த்துச் சாப்பிடு.

வாலு

---

அக்டோபர் 22

அன்பு வாலுவுக்கு,

நானும் கொசுவும் நலம். இங்கிருந்து கிளம்பும்போது சுளுக்கிக்கொண்ட கால் சரியாயிற்றா? படிக்கட்டில் பார்த்து இறங்கு.

நீ வந்தபோது நான் உன்னைக் கூப்பிடவில்லை. வெறுங்கையோடு திரும்பிப் போனாய். ரயிலடியில் உன் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு இவ்வளவு நாள் எழுதாததற்கும் அதுதான் காரணம். இப்போது எழுத முடிகிறது. உறையில் புது முகவரி இருக்கிறது, பார்த்திருப்பாய். மருத்துவமனைக்குப் பின்தெருவில் ஒரு அறை, ஒரு சமையல் மூலை, தனிக் குளியலறை. டாக்டரம்மா தேடிக் கொடுத்தார்.

என்ன நடந்தது என்று கேட்பாய். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவர் செய்தித்தாளை விரித்தபோது, “நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கப் போறோம்” என்றேன். அவர் நிஜமாகவே திகைத்துப்போனார்.

“நான் ஒரு நாளாவது உன்ன கைநீட்டி அடிச்சிருக்கேனா?”

“இல்ல.”

“ஒரு வார்த்தை கெட்ட வார்த்தை?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

“கொசு அந்த மேஜையில உக்காந்து சாப்பிட்டு எத்தன நாளாச்சு, நீங்க கவனிச்சீங்களா?”

அவர் யோசித்தார். உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தார். பிறகு, “கூடையில மிச்சம் எதுவும் வரலையே” என்றார்.

அதுவரை எனக்குப் பாதி மனசுதான் இருந்தது. அதைக் கேட்டதும் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தேன். பெட்டியைக் கீழே வண்டிவரைக்கும் அவர்தான் தூக்கிவந்தார். கொசுவின் பையையும் எடுக்கப் போனார். அவள் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து வெளியே நிற்கிறார். உள்ளே வருவதா என்று கேட்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் அனுமதி கேட்டு நான் பதில் சொல்வது இதுதான் முதல் தடவை. இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். “நான் கத்துக்கொடுக்கத்தானே செஞ்சேன்” என்கிறார். ஆள் மெலிந்துவிட்டார். பார்த்தால் பாவமாக இருக்கிறது, ஆனால் கதவைத் திறக்கக் கை வரவில்லை. வாசல் பலகையை அவரே கழற்றிச் சங்கத்தில் கொடுத்துவிட்டாராம்.

இங்கே நான் ஒரே ஒரு கூடைதான் வாங்கினேன். கொஞ்ச நாள் எல்லாவற்றையும் கலந்து கொட்ட வேண்டும் போல வெறி. கொட்டினேன். கொசு கடையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி கேட்டு வாங்கிவந்து பக்கத்தில் வைத்தாள். காகிதமும் பாட்டிலும் அதில் போகின்றன. நானும் அதில்தான் போடுகிறேன்.

நேற்று மாலை அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

“என்னடி?”

“பாத்துடும்மா.”

“எதுக்கு? கட்டிக் கீழ வெச்சுட்டு வா.”

“சரியா பிரிச்சிருக்கேன்.”

“சரியாத்தான் இருக்கும். கொண்டுபோ.”

அவள் போகவில்லை. நான் குனிந்து பார்ப்பேன் என்று நின்றுகொண்டே இருந்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். கடைசியில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

திரும்பிவந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வாளி நிரம்பி வழிகிற சத்தமும் கேட்டது. அப்புறமும் ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து கதவுவரை போய்விட்டேன். “மூடு” என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் சொல்கிற அதே தணிந்த குரலில் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கதவோடு சாய்ந்து நின்றேன். உள்ளே அவள் ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவளே குழாயை மூடினாள்.

உன் அக்கா